தொட்டிக்குள் ஓர் அலை

எங்கள் வீட்டு மீன்தொட்டியில் மீன்களைவிடச் செடிகளே அதிகம். அதன் நீர்ப்பரப்பில் சிற்றலைகள் எழவேண்டும் என்று என் மகள் விரும்பினாள். மெதுவாகச் சுழலும் 5 வோல்ட் மோட்டார் ஒன்றைத் தொட்டிக்கு மேலே பொருத்தினோம். தண்ணீருக்கு அருகில் அதைவிட அதிக மின்னழுத்தம் எதற்கு? மோட்டாரின் சக்கர விளிம்பில் தூண்டில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு கண்ணாடி மணியைத் தொங்கவிட்டோம். சக்கரம் சுழலச் சுழல, மணி நீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. வட்டம் வட்டமாக அலைகள் விரிந்தன.

நீண்ட குழல் விளக்கைவிட ஒற்றைச் சிறுவிளக்கே இதற்கு ஏற்றது. ஒவ்வோர் அலைமுகடும் பூதக்கண்ணாடிபோல் ஒளியைக் குவிப்பதால், அடிமணலில் ஒளிக்கோடுகள் நெளிந்தோடும். இரவு உணவையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இன்னும் மூன்று மணிகளைக் கட்டலாம், அம்மா!” என்றாள் மகள்.

நான் தயங்கினேன். நீர் அதிகம் அசைந்தால், செடிகளுக்காக நாங்கள் செலுத்தும் கரியமில வாயு வெளியேறிவிடும். அசைவு மிகவும் குறைந்தாலோ, செடிகளும் உயிர்வாயுவை உட்கொள்ளும் இரவு வேளையில் மீன்கள் திணறக்கூடும். இதை அவளிடம் விளக்கினேன். அவள் சற்று யோசித்தாள்.

“அப்படியென்றால், பகலில் ஒன்று, இரவில் நான்கு!”

இப்போது தினமும் உறங்கப் போகும் முன் அவளே மற்ற மூன்று மணிகளையும் கட்டிவிட்டு, விளக்கை அணைக்கிறாள். இருட்டில் ஒளிக்கோடுகள் தெரிவதில்லை. மோட்டாரின் மெல்லிய முனகல் மட்டும் என் அறைவரை கேட்கிறது.