வண்டியில் வரும் இறால்

ஹாங்காங்கில் சீன பாஷை தெரியாதவன் வயிறாரச் சாப்பிட ஒரு இடம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல் பகுதியில், துறைமுகத்தைப் பார்த்தபடி சிட்டி ஹால். அதன் இரண்டாவது மாடியில் மாக்ஸிம்ஸ் பேலஸ். கல்யாண மண்டபம் சைஸுக்கு ஹால், தலைக்கு மேல் சரவிளக்கு. ஆவி பறக்கும் மூங்கில் கூடைகளை அடுக்கிக்கொண்டு தள்ளுவண்டிகள் மேஜை மேஜையாக வரும். எட்டிப் பார்த்து விரலை நீட்டினால் போதும். பாஷையாவது ஒண்ணாவது!

நான் தேடிப் போனது ஹார் காவ். இறால் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன். கூடைக்கு மூன்றோ நாலோதான். மேல்தோல் கண்ணாடி மாதிரி. உள்ளே இறாலின் ரோஜா நிறம் தெரிகிறது.

அந்தத் தோலில்தான் விஷயமே. அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்போமே, ஏறக்குறைய அந்தச் சரக்கு. பசைச்சத்தை நீக்கிய கோதுமை ஸ்டார்ச், கூடவே மரவள்ளி ஸ்டார்ச். கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைகிறார்கள். சப்பாத்தி மாவு மாதிரி இழுபடாது என்பதால், எண்ணெய் தடவிய அகலக் கத்தியைப் படுக்கவைத்து ஒரே அழுத்து. வட்டம் ரெடி. இறாலை வைத்துக் குறைந்தது ஏழு மடிப்பு. கைகாரர் என்றால் பத்துக்கு மேல். தடித்தால் மாவு பல்லில் ஒட்டும். மெலிந்தால் குச்சியில் எடுக்கும்போதே கிழிந்து மானத்தை வாங்கும். சமையல்காரரின் கையை எடைபோட இதைத்தான் பார்ப்பார்கள்.

நான் மடிப்பை எண்ணிக்கொண்டிருக்க, எதிரே இருந்த பெரியவர் பொறுக்கமாட்டாமல் கூடையைத் தட்டிக் காட்டினார். நியாயம்தான். ஆறினால் தோல் விறைத்துவிடும். கடித்தேன். தோல் வழுக்கி, இறால் 'நறுக்'கென்றது. (இறால்தானே என்று இருந்துவிடாதீர்கள். பூரணத்தில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். ஆகாதவர்கள் விசாரித்துக்கொள்ளவும்.)

இந்தத் தோல்தான் வண்டிக்கு வில்லன். ஹாலைச் சுற்றி வருவதற்குள் பதம் கெடுகிறது. அதனால் இப்போது நிறையக் கடைகளில் வண்டியே கிடையாது. சீட்டில் டிக் அடித்தால் சமையல்கட்டிலிருந்து சுடச்சுட வருகிறது. 2009-ல் மோங்காக்கில் சின்னக் கடையாக ஆரம்பித்து மிஷ்லின் நட்சத்திரம் வாங்கிய டிம் ஹோ வான் அந்த ரகம். ருசிக்கு அதுதான் சரி, மறுக்கவில்லை. ஆனால் பெயர் தெரியாத பதார்த்தம் சீட்டிலிருந்து எழுந்து வந்து மூடியைத் திறந்து முகம் காட்டுமா? என் ஓட்டு வண்டிக்கே.

பெரியவர் என் கிண்ணத்தில் டீ ஊற்றினார். அங்கே நன்றி சொல்ல, இரண்டு விரலால் மேஜையைத் தட்ட வேண்டும். தட்டினேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த வண்டியை நிறுத்தினார்.