தாரை விட்டு இறங்காத கால்

கார் ஓடத் தெரியாதவனுக்குப் பழக்கிவிடலாம். முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருப்பவனுக்குப் பழக்குவதுதான் கடினம். ஆடி மாத விடுமுறைக்கு நோர்வேயிலிருந்து வந்திருந்த என் தமக்கையின் மகன் இந்த இரண்டாவது வேலையை என்னிடம் தொடங்கினான்.

காரணம் ஒரு லான்ட்மாஸ்ரர். கரவெட்டிப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அது எதிரே வந்தது. நான் நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன். அரை அடி விலத்தவில்லை. வெங்காய மூட்டைகளோடு வந்த மனிதர், முணுமுணுத்தபடி தன் வண்டியை ஓரத்து மண்ணில் இறக்கிக் கடந்து போனார்.

"மாமா, இடப்பக்கம் அவ்வளவு இடம் கிடக்கு. ஏன் இறக்கேல்லை?" என்றான் மருமகன்.

பதில் இருந்தது. ஆனால் அது நீளமானது என்பதால் அப்போது சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

1998 தை மாதக் கடைசி. தென்மராட்சியில் வயல்களை ஊடறுத்துச் செல்லும் ஒரு தெரு. அப்பா பக்கத்தில் இருக்க, எங்கள் ஒஸ்ரின் ஏ-40 காரை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். 1990இன் பொருளாதாரத் தடை நாள்களில், ஒரு மூடி பெற்றோலில் உயிர்கொடுத்து, மிகுதித் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடப் பழகியிருந்த கார் அது. அறுவடைக் காலமாதலால் சூடடித்த வைக்கோல் தெருவில் பரவிக் கிடந்தது. பருவம் தப்பிய மழை அதை நனைத்துவிட்டிருந்தது. வளைவில் பின்பக்கம் லேசாக விலகுவதை உணர்ந்ததும், பயந்தவன் எவனும் செய்வதையே நானும் செய்தேன். பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். கார் வால் முன்னாகச் சுழன்று, தெருவை விட்டு இறங்கி, பயிர் செய்யாத ஒரு காணிக்குள் போய் நின்றது.

காயமில்லை. கதவைத் திறந்தேன். அப்பா என் சேட்டைப் பிடித்து இழுத்தார்.

"கீழை கால் வையாதை."

மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் எல்லாம் பிற்காலத்தில் வந்தவை. அன்று எந்தக் காணிக்குள் மிதிவெடி உண்டு, எதற்குள் இல்லை என்று சொல்ல ஆளில்லை. ஒன்றரை மணி நேரம் காருக்குள் இருந்தோம். பிறகு அப்பா ஒரு வழி கண்டார். யன்னலால் வெளியேறி, மட்காட்டில் ஏறி, பொனற்றின் மேலாகத் தவழ்ந்து, கார் வரும்போது ரயர் பதித்த தடத்தில் மட்டும் பாதம் வைத்துத் தாருக்கு வந்தோம். அறுபது வயதைத் தாண்டியவர் என் முன்னால் நடந்தார். நான் முன்னே போவதாகச் சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை.

அந்தக் காணியில் வெடி ஏதும் இருக்கவில்லை. பின்னாளில் அங்கே வீடு கட்டிவிட்டார்கள். கால் அதை நம்பவில்லை, அவ்வளவுதான். 2009க்குப் பிறகு முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்தது. அதைப் பற்றிச் செய்தி எழுதினேன். 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்தபோதும் எழுதினேன். எழுதிவிட்டு வீடு திரும்பும்போது தாரின் நடுவிலேயே ஓட்டினேன்.

மருமகனின் உலகம் வேறு. நோர்வேயில் சாரதி அனுமதிப்பத்திரம் பெற விரும்பும் எவரும் வழுக்கும் தளத்தில் கட்டாயப் பயிற்சி பெற்றாக வேண்டும். பிடியற்ற தரையில் காரை ஓட்டச் செய்து, பிரேக் மிதித்தால் கார் எங்கே போகும் என்பதை அவர்களே அனுபவிக்கும்படி விட்டுவிடுவார்கள். சறுக்குவது அங்கே பாடத்திட்டத்தில் இருக்கிறது. எங்களுக்கோ அது விதியின் திட்டத்தில் மட்டுமே இருந்தது. பனிக்கால உறைபரப்பில் நான்கு சில்லும் இழுக்கும் காரை வேண்டுமென்றே சறுக்கவிட்டு ஓட்டும் பொழுதுபோக்கும் இவனிடம் உண்டு. டிரிஃப்ட் என்கிறார்கள்.

டிரிஃப்ட் என்றதும் பலருக்கும் ஜப்பான் மலைப்பாதைகளும் கெய்ச்சி சுச்சியாவும் நினைவுக்கு வரக்கூடும். அவை பெரும்பாலும் பின்சில்லு இழுக்கும் கார்கள். எங்கள் ஏ-40 அந்த இனம். நான்கு சில்லு இழுவை என்பது நெடுங்காலம் ஜீப்புக்குரியதாகவே கருதப்பட்டது. 1980இல் ஔடி நிறுவனம் குவாட்றோவை வெளியிட்ட பின்னரே ரலிப் பந்தயக்காரர் அதைக் கவனித்தனர். 1984இல் சுவீடனின் ஸ்ரிக் புளொம்குவிஸ்ற் அதே ஔடியில் உலகப் பட்டம் வென்றார்.

எங்களுக்குக் கிடைத்தது நண்பரொருவரின் பழைய சுபாரு போறெஸ்ரர். இடம், வல்லை வெளி. சைக்கிளில் அவ்வெளியைக் கடந்தவர்களுக்கு அதன் காற்றை விவரிக்க வேண்டியதில்லை. வெயில் காலத்தில் நீரேரியின் ஓரம் வற்றி, உப்புப் பூத்த தட்டை நிலமாகக் கிடக்கும். ஆண்டுக்கணக்காக மாடுகள் மேய்ந்து, பொடியள் கிரிக்கெட் ஆடும் ஒரு துண்டு நிலத்தைத் தேர்ந்தோம். போகும் வழியில் முனியப்பரிடம் நிறுத்திக் கும்பிட்டேன். மருமகன் சிரிக்கவில்லை. அவனும் கும்பிட்டான்.

தாரிலிருந்து காரை இறக்கியது அவன்தான். என்னால் முடியவில்லை.

பாடம் எளிதாகவே சொல்லப்பட்டது. நான்கு சில்லும் இழுக்கும் கார், வெறுமனே வேகமாகத் திருப்பினால் திரும்பாது. மூக்கை நீட்டிக்கொண்டு நேரே போகும். ஆகவே வளைவுக்குச் சற்று முன் எதிர்த்திசையில் ஒரு வெட்டு வெட்டி, உடனே வளைவின் பக்கம் திருப்பி, அக்கணத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். பாரம் முன்னே சாயும். பின்பக்கம் இலேசாகி விலகும். ஸ்கண்டிநேவிய ரலிக்காரரின் பழைய உத்தி இது. கடினமான பகுதி அதற்குப் பிறகுதான். கார் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கையில் பிரேக்கைத் தொடாமல், காலையும் எடுக்காமல், அக்சிலறேற்றரை நிதானமாக அழுத்தி வைத்திருக்க வேண்டும். முன்சில்லுகள் தாங்கள் பார்க்கும் திசைக்குக் காரை இழுத்துக்கொண்டு போய்விடும். பின்சில்லுக் காரைப்போல ஸ்ரியறிங்கை எதிர்ப்பக்கம் நெடுந்தூரம் முறிக்கவும் தேவையில்லை.

பதினொரு முறை பிரேக்கை மிதித்தேன். எண்ணியது அவன்.

"மாமா, கார் போற இடத்தைப் பாக்காதேங்கோ. நீங்கள் போகவேண்டிய இடத்தைப் பாருங்கோ."

"போற இடத்திலை என்ன இருக்கெண்டு பாக்காமல் எப்பிடியடா போறது?"

அவனுக்கு விளங்கவில்லை. அப்போதுதான் என்ஜினை நிறுத்திவிட்டு அந்த 1998 கதையைச் சொன்னேன். தாத்தா பொனற்றில் தவழ்ந்த இடம் வந்ததும் அவன் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தான். சற்று நேரத்தின் பின் கதவைத் திறந்து இறங்கினான். காருக்கு முன்னால், நாங்கள் வட்டமிடவிருந்த நிலமெல்லாம் கைகளைக் கட்டியபடி, அவசரமில்லாமல், ஒரு சுற்று நடந்தான். திரும்பி வந்து பெல்ற்றைப் போட்டான். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த முறை பின்பக்கம் விலகியது. என் கால் பிரேக்கை நாடியது, ஆனால் போகவில்லை. அழுத்தினேன். நான்கு சில்லும் உப்பு மண்ணைக் கிளப்ப, வல்லைப் பாலம் கண்ணாடியின் குறுக்கே மெல்ல நகர்ந்துபோயிற்று. நான்கைந்து விநாடிகள் இருக்கும். பின் கார் நிமிர்ந்துகொண்டது. தூரத்தில் மாடு மேய்த்த பெரியவர் ஒருவர், பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை வீட்டுக் கிணற்றடியில் காரைக் கழுவினோம். உப்பு அடித்தட்டில் நின்றால் தகரத்தைத் தின்றுவிடும். நோர்வேயிலும் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்களாம். கழுவாவிட்டால் இதே கதைதானாம். நண்பருக்கு விஷயம் தெரியவந்து, இனி இரவல் கிடையாது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். பதினெட்டு வாளி தண்ணீர் ஊற்றினோம். அதையும் மருமகன்தான் எண்ணினான்.