கம்பஸ் கடிதம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தபால்காரனாக இருப்பவனுக்கு, எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்தது என்பது ஒருகாலத்தில் அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்துவிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பெயர் அச்சிட்ட உறை பைக்குள் இருந்தால் அன்றைக்குச் சைக்கிள் தானாகவே வேகம் பிடிக்கும். படலையில் மணி அடித்ததும் தாய்க்காரி ஓடிவருவாள். தேத்தண்ணி, பலகாரம், சில வீட்டில் அழுகை. இப்போது எல்லாவற்றையும் ஃபோனில் பார்த்துவிடுகிறார்கள். நான் கடிதத்தோடு போகும்போது கோயிலுக்கும் போய்வந்து படமும் எடுத்து முடித்திருப்பார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்த உறைகளைச் சுமந்த காலம் முழுக்க எனக்குள் ஓர் ஆசை இருந்தது. என் வீட்டு முகவரி எழுதிய ஒன்றை, அதுவும் மருத்துவ பீடத்துக்குரிய ஒன்றை, என் கையாலேயே கொண்டுபோய் என் படலையில் நின்று மணி அடிக்கவேண்டும். மகள் பிறப்பதற்கு முன்பே பிறந்த ஆசை அது. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபோது நான் ஓஎல் வகுப்பில் இருந்தேன். அந்த வருடம் மட்டக்களப்பில் எத்தனையோ பேர் கொப்பியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் ஓடினார்கள். நான் பிறகு எப்படியோ ஓஎல் முடித்தேன்; ஏஎல் பக்கம் போகவில்லை.

மகள் ஓஎல் எழுதியது 2022 மே மாதம். 2021க்குரிய பரீட்சை, கொரோனாவால் தள்ளித்தள்ளிப் போய், நாடு பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில் வந்து சேர்ந்தது. நான் மோட்டார் சைக்கிளை ஓரமாக விட்டுவிட்டுப் பழையபடி சைக்கிளில் தபால் கொடுத்தேன். இரவில் மின்சாரம் போனால் குப்பி விளக்கு. அதற்கும் எண்ணெய் இல்லாவிட்டால் படுக்கை. நவம்பர் கடைசியில் பெறுபேறு வந்தது. விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஏ. வீடு முழுக்க ஒரே சொல்: பயோ. மாமி சொன்னாள், மச்சான் சொன்னான், எனக்கு வாய் திறக்க வேண்டியே இருக்கவில்லை.

"நான் விவசாயம் செய்யப் போறன்" என்றாள் மகள். எங்களுக்கு மண்டூரில் கொஞ்சம் வயல் உண்டு. வாவியை ஒட்டிய துண்டில் உப்புத் தண்ணி ஏறி நெல் மஞ்சளிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். விவசாய பீடத்துக்குப் போக உயிரியலும் இரசாயனவியலும் எடுத்து, மூன்றாவதாக விவசாய விஞ்ஞானத்தையே எடுக்கலாம். ஆனால் மருத்துவத்துக்குப் பௌதிகவியல் கட்டாயம். "பௌதிகத்தை எடு புள்ள, அதோட விவசாயத்துக்கும் போகலாம், மற்றக் கதவும் திறந்து கிடக்கும்" என்றேன். எந்தக் கதவு, யாருக்காக என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஏஎல் விஞ்ஞானப் பிரிவு நடக்கிற பாடசாலை குறைவு. ரியூசன் எல்லாம் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில். மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது. ஆனால் அவள் படித்த காலத்தில் எங்கள் துறையில் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைதான். மண்டூர்த் துறையில் சைக்கிளோடு மிதவையில் ஏறி, குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிகுடிக்கு மிதிக்கவேண்டும். பாதைக்குக் காத்திருக்கிற நேரத்திலேயே அவள் இரசாயனச் சமன்பாடுகளைப் பாடமாக்கினாள். அந்த நேரத்தை வீணென்று நான் சொன்னால் கோபம் வரும்.

படிப்பில் எனக்கு என்ன வேலை? முதல் வருடம் ஒன்றும் இல்லை என்றே நினைத்தேன். இரண்டாம் வருடம் பாஸ்ட் பேப்பர் செய்யத் தொடங்கியபோது அவளே கூப்பிட்டாள்: "அப்பா, நீங்க நோக்குநரா இருங்க."

உயிரியலில் முதலாம் தாள் 50 பல்தேர்வு வினா, இரண்டு மணித்தியாலம். இரண்டாம் தாள் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும், மூன்று மணித்தியாலம். ஞாயிறு காலையில் விறாந்தை மேசை பரீட்சை மண்டபமானது. ஃபோன் என் சட்டைப் பையில். அவளுடைய அம்மா தேத்தண்ணியோடு வந்தால் வாசலிலேயே மறிப்பேன். மாமிக்குத்தான் பெரிய வருத்தம், அந்த இரண்டு மணித்தியாலமும் தேங்காய் துருவ விடவில்லை என்று.

முதலில் நேரம் முடிகிறபோது கடைசிப் பத்துப் பன்னிரண்டு வினா வெறுமையாகக் கிடக்கும். தெரியாததல்ல. நடுவில் ஒரு கடினமான வினாவோடு மல்லுக்கட்டி, விடுவதற்கு மனமில்லாமல் நேரத்தைத் தொலைப்பாள். பாடம் தெரியாத எனக்கு மேசைக்கு எதிரே இருந்து அது நன்றாகத் தெரிந்தது: பேனை அசையாமல் நிற்கும். "பேனை நிண்டா அடுத்ததுக்குப் போ, மறுகா வரலாம்" என்றேன். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கிறதில்லை. வெறுமையாக விடுகிற வினாதான் நட்டம். சில வாரத்தில் இரண்டு சுற்றாகச் செய்யப் பழகிவிட்டாள்.

பிழைகளுக்கு ஒரு சீஆர் கொப்பி. அதை இரண்டாகப் பிரித்தாள்: தெரியாமல் பிழைத்தவை, தெரிந்தும் பிழைத்தவை. இரண்டாவது பக்கம்தான் வேகமாக நிறைந்தது. 'பொருத்தமற்ற கூற்று எது' என்பதைப் 'பொருத்தமான கூற்று' என்று வாசித்துவிட்டு, சரியான கூற்றைச் சரியாகத் தெரிவுசெய்து பிழைவிடுவாள். ரியூசனில் இதை யாரும் கவனிக்கவில்லை. அங்கே இருநூறு பேர் ஒரே கொட்டிலுக்குள். ஆசிரியர் சரியான விடையைப் பலகையில் எழுதுவார், யாருடைய பேனை எங்கே நின்றதென்று அவருக்கு எப்படித் தெரியும்?

பின்னேரத்தில் நான் கேள்வி கேட்பேன். விடை எனக்குத் தெரியாது என்பதே அதற்குத் தகுதி. ஒருநாள் பிரசாரணம் பற்றிச் சொல்லச் சொன்னேன். புத்தகத்தில் உள்ளபடியே ஒப்புவித்தாள்: தேர்ந்து உட்புகவிடும் மென்சவ்வு, நீரழுத்தம், எல்லாம். "எனக்கு விளங்கேல்ல" என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடியும் விளங்கவில்லை. மூன்றாவது தரம் அவளே தடுமாறினாள். குசினிப் பக்கம் அவளுடைய அம்மா மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். "உப்புப் போட்டு வச்சா மீனிலிருந்து தண்ணி விடுமே, அதுவா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம் அப்பா, வயலில உப்புத் தண்ணி ஏறினா நெல்லு வாடுறதும் அதுதான்" என்றாள். அன்று மேசையை விட்டு எழும்பும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்குப் புதிது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சில இரவில் அவள் படுத்த பிறகு அந்தப் புத்தகங்களை எடுத்து வாசித்தேன். ஒரு பக்கம் வாசிக்கப் பத்து நிமிடம் போகும். பொறாமை என்று அதைச் சொல்லலாமா தெரியாது. பெற்ற மகள்மேல் என்ன பொறாமை? ஆனால் வாசித்துக்கொண்டிருக்கையில் நெஞ்சில் ஏதோ அடைக்கும்.

ஏஎல் பரீட்சை 2024 நவம்பர் 25 தொடங்கியது. கார்த்திகை மழை எங்களுக்குப் புதிதல்ல. வெல்லாவெளி வீதி தண்ணிக்குள் போவது வருடந்தோறும் நடப்பது. அதனால் மகளை முன்பே களுவாஞ்சிகுடியில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தோம். ஆனால் அந்த முறை வந்தது வேறு வெள்ளம். 26ஆம் திகதி காரைதீவுப் பக்கம் மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்கள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துப்போன செய்தி வந்தது. அன்று இரவு யாரும் பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை. பரீட்சையை நிறுத்தினார்கள், முதலில் சில நாள் என்றார்கள், பிறகு டிசம்பர் 4 வரை போனது. விடுபட்ட தாள்கள் மாதக் கடைசிக்குத் தள்ளுப்பட்டன.

வாவிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். ஊரில் எல்லோருடைய கேள்வியும் முகத்துவாரம் வெட்டியாச்சா என்பதே. வெட்டினால் வயலில் நிற்கிற தண்ணி கடலுக்கு வடியும். மீன்பிடிக்கிறவர்கள் வேறு கதை சொல்வார்கள். அந்த வழக்கு இங்கே ஒவ்வொரு மாரிக்கும் நடப்பது. மகள் ஃபோனில் அழுதாள். படித்ததெல்லாம் மறந்துபோகுது என்றாள். "சீஆர் கொப்பி கையில இருக்குதா?" "இருக்கு." "அதில தெரிஞ்சும் பிழைச்ச பக்கத்த மட்டும் பாரு. புதுசா ஒண்டும் தொடாத." வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பெறுபேறு வரும்வரை நான்கு மாதம். அந்த இடைவெளியில் நான் படித்தது கையேடு. பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டைக் கடையில் அச்செடுத்து, துளையிட்டுக் கட்டி, தபால் பையிலேயே வைத்திருந்தேன். பாதைக்கு நிற்கிறபோது வாசிப்பேன். எங்கள் பக்கம் பெற்றோர் செய்யாத வேலை இதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளைக்காக நேர்த்தி வைப்போம், கடன் படுவோம். விதியை வாசிக்க மாட்டோம்.

2001இலிருந்து பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் நாடு முழுவதும் எடுத்த சராசரியிலிருந்து உன் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து நியம விலகலால் பிரிப்பது; மூன்று பாடத்துக்கும் அதன் சராசரி. ஆகவே 75 எடுத்தேன் என்பதில் அர்த்தம் குறைவு, மற்றவர்கள் என்ன எடுத்தார்கள் என்பதே கணக்கு. பிறகு பங்கீடு. கலைப்பிரிவை விட்டுப் பார்த்தால், பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடம் முழு நாட்டுத் திறமை வரிசையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் பின்தங்கியதாக வகுத்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. மட்டக்களப்பு அந்த 16இல் ஒன்று.

எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது தமிழர் மத்தியில் எழுந்த கோபம் எல்லோருக்கும் தெரியும், நியாயமும் அதில் இருந்தது. ஆனால் மாவட்ட அடிப்படை வந்த பிறகு மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குச் சில கதவு திறந்ததும் உண்மை. இதை நாங்கள் சத்தமாகப் பேசுவதில்லை. என் குறை வேறு. மாவட்டம் என்பது ஒரே கோடு. நகரத்தில் பெரிய பாடசாலையில் எல்லா வசதியோடும் படிக்கிற பிள்ளையும், பாதை கடந்து வருகிற பிள்ளையும் அந்தக் கோட்டுக்குள் ஒன்று. வாவியின் இரண்டு கரையும் ஒரே மாவட்டம் என்று கையேடு சொல்கிறது. என் சைக்கிள் டயர் வேறு சொல்லும்.

கம்பஸ் இல்லாவிட்டால் என்ன என்பதையும் தேடினேன். தாழங்குடாவில் கல்வியியற் கல்லூரி, மூன்று வருடம், அதில் ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கேட்பார்கள். என்விகியூ தொழிற்தகைமை வழியில் படிப்படியாக ஏழாம் மட்டம் வந்தால் அது பட்டத்துக்குச் சமம். ஒரு வழிதான் என்றில்லை என்பதற்கு விபுலாநந்த அடிகளே சாட்சி; அவரை இங்கே ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் சொல்வார்கள். அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா எடுத்த 1916இலேயே மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் தேறியவர் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொன்னால் பயோவா கலையா என்று வீட்டில் சண்டை பிடிக்க முடியாதே.

2025 ஏப்ரல் கடைசியில் பெறுபேறு. நல்ல பெறுபேறு. விவசாயத்துக்குப் போதும் என்று என் கணக்குச் சொன்னது. மருத்துவத்தின் முந்தைய வருட வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவாகப் போய் நின்றுவிட்டது. மச்சான் வந்து, "இன்னொருக்கா எடுக்கட்டும், மூண்டு தரம் எடுக்கலாம்தானே" என்றான். மகள் எழும்பி உள்ளே போய்விட்டாள். அவனுக்கு நானே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் எடுக்கமாட்டாள் என்றேன். அதைச் சொல்ல எனக்குச் சுலபமாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன்.

விண்ணப்பிக்கிற நாள் விருப்ப வரிசையை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தோம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம், பேராதனை, யாழ்ப்பாணம் என்று விவசாயத்தை வரிசையாக எழுதிவைத்திருந்தாள். கையேட்டை மனப்பாடம் செய்திருந்த எனக்கு ஒரு விதி தெரியும். வரிசைப்படிதான் பார்ப்பார்கள், முதலாவதற்கு எட்டாவிட்டால் இரண்டாவது, அதனால் எதுவும் பறிபோகாது.

"மருத்துவத்த முதலாவதா போட்டா ஒண்டும் குறையாது புள்ள" என்றேன். "எட்டாட்டி அடுத்ததத்தான் பாப்பாங்க."

"தெரியும் அப்பா."

"அப்ப போடன். சும்மா."

பேனையை நிறுத்தினாள். "வெட்டுப்புள்ளி இந்த வருசம் குறைஞ்சு, அது கிடைச்சிட்டா? கீழ உள்ளதெல்லாம் வெட்டுப்பட்டிடும். மறுகா நான் அதுக்கெல்லோ போகோணும்?"

கையேட்டில் அந்தப் பக்கத்தையும் நான் வாசித்திருந்தேன். வந்தாறுமூலையின் குறியீட்டு இலக்கம் என்னவென்று கேட்டாள். தேடி எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன்.