பிள்ளைகள் கையில் வண்ண அட்டைகள்

 

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் புத்தகப் பையை ஒருமுறை அன்போடு திறந்து பாருங்கள். விளையாட்டு வீரர்களின் படம் பொறித்த அட்டைக் கட்டு ஒன்று அதில் இருக்கக்கூடும். பழனி மலையின் மேல், கொடைக்கானலில் வாழும் எங்கள் பிள்ளைகளையும் இந்த ஆசை விட்டு வைக்கவில்லை. 'விளையாட்டுத்தானே' என்று விட்டுவிடும் பெற்றோரும் உண்டு. 'வீண் செலவு' என்று கிழித்தெறியும் பெற்றோரும் உண்டு. இரண்டுமே சரியன்று என்பது என் எண்ணம்.

இவ்வழக்கம் அமெரிக்காவில் பேஸ்பால் விளையாட்டோடு வளர்ந்தது. தொடக்கத்தில், சிகரெட் பெட்டி கசங்காமல் இருக்க வைத்த தடித்த அட்டையில் வீரர்களின் படங்களை அச்சிட்டார்கள். 1909க்கும் 1911க்கும் இடையே வந்த அத்தகைய வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் அட்டை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. தம் படத்திற்காகச் சிறுவர்கள் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று இன்றும் சொல்வார்கள். பின்னர் புகையிலையின் இடத்தைச் சூயிங்கம் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டாப்ஸ் என்னும் நிறுவனம் இத்துறையில் முன்னணிக்கு வந்தது. 1953ஆம் ஆண்டு அது வெளியிட்ட அட்டைகளில் இருந்தவை ஓவியர்கள் வண்ணம் தீட்டிய முகங்கள்.

எங்கள் ஊருக்கு அமெரிக்கர் புதியவர் அல்லர். மதுரை வெயிலுக்கும் நோய்க்கும் ஒதுங்கிய அமெரிக்கப் பாதிரிமார் 1845இல் இங்கே வீடு கட்டினர். 1901இல் தம் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஒன்றையும் தொடங்கினர். ஆயினும் பேஸ்பால் நம் மக்களிடையே வேரூன்றவில்லை. அட்டை ஆசை கிரிக்கெட் வழியாகவே நம்மிடம் வந்தது. 1980களின் பிற்பகுதியில் 'பிக் ஃபன்' சூயிங்கத்தோடு வந்த அட்டைகள் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொன்றிலும் ஓட்டமோ விக்கெட்டோ குறித்திருக்கும்; ஓட்டங்களைச் சேர்த்துக் கொடுத்தால் பரிசு உண்டு. அன்று அவற்றைச் சேர்த்த சிறுவர்களே இன்றைய தந்தையர்.

அட்டை தன்னளவில் குற்றமுடையதன்று. உருவப்படம் குறித்து ஐயம் உள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கம் பெறலாம். நான் சொல்ல வருவது, அந்த அட்டையைக் கொண்டு பிள்ளை எதைக் கற்கிறான் என்பதைப் பற்றி.

சென்ற ஆண்டு மே விடுமுறையில் மகள் வழிப் பேரன் எங்களிடம் வந்திருந்தான். ஒருநாள் மாலை, கை கொள்ளாத அட்டைகளோடு ஓடிவந்தான். "நன்னா! எல்லாவற்றையும் நானே ஜெயித்துவிட்டேன்!" என்றான். யாருடைய ஓட்டம் அதிகமோ அவருக்கே இரண்டு அட்டைகளும் சொந்தம் என்பது ஆட்டமாம். வெளியே பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சிறுவன் வெறுங்கையோடு, கண் கலங்கி நின்றான்.

"அவன் மனம் விரும்பிக் கொடுத்தானா?" என்று கேட்டேன். "தோற்றால் கொடுக்கத்தானே வேண்டும், நன்னா?" என்றான். "தோற்றதால் ஒருவன் இழப்பதும், வென்றதால் மற்றவன் எடுப்பதும்தான் சூது. திருமறை அதனை மதுவோடு சேர்த்து விலக்கியிருக்கிறது. அட்டை சிறியது என்பதால் அதன் பெயர் மாறிவிடாது" என்றேன். சற்று நேரம் தலை குனிந்திருந்தான். பிறகு, "மாற்றிக்கொள்வதும் தப்பா?" என்றான். "இருவரும் மனமொப்பிக் கொடுத்து வாங்கினால் அது வியாபாரம்" என்றேன். வென்றவற்றைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு இருவரும் திண்ணையில் அமர்ந்து, தம்மிடம் இரண்டாக இருந்தவற்றை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

பெற்றோர்களே! இன்னொன்றையும் கவனியுங்கள். மூடிய உறைக்குள் யார் படம் இருக்கிறது என்று வாங்குபவனுக்குத் தெரியாது. ஒரே ஒரு வீரரின் அட்டைக்காகப் பத்து உறைகளைப் பிரிக்கும் பிள்ளையின் மனம், லாட்டரிச் சீட்டு வாங்குபவரின் மனத்திற்கு அருகில் வந்துவிடுகிறது. லாட்டரி எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது என்பதை நாம் கண்டோம். 2003இல் தமிழக அரசு அதனைத் தடை செய்தது. இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிராக 2022இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பழக்கத்தின் முதற்படி சிறுவயதிலேயே அமைந்துவிடலாகாது.

விலை என்னும் மயக்கமும் உண்டு. 1952ஆம் ஆண்டு டாப்ஸ் அட்டைகளில் விற்காமல் தேங்கியவை 1960இல் கடலில் கொட்டப்பட்டன. அதே தொகுதியைச் சேர்ந்த மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலை போனது. குப்பை என்றதும் மனிதர்களே. கோடி என்றதும் மனிதர்களே.

விலை மாறும், அட்டையில் இருப்பவரின் வாழ்வு தரும் பாடம் மாறாது. 1953ஆம் ஆண்டு வரிசையின் முதல் அட்டை ஜாக்கி ராபின்சனுடையது. கறுப்பினத்தவருக்குப் பல பத்தாண்டுகளாக அடைபட்டிருந்த பெரிய ஆட்டக் களத்தில் 1947இல் அடியெடுத்து வைத்தவர் அவர். வசை மழை பொழிந்தபோதும் திருப்பித் தாக்காமல் பொறுமை காத்து, ஆட்டத்தால் பதில் சொன்னார். ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே, 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா நிலநடுக்கத்தில் வாடியவர்களுக்கு உதவிப் பொருள் கொண்டுசென்ற விமானம் கடலில் வீழ்ந்து உயிரிழந்தார். வெள்ளையருக்குக் கறுப்பரைவிட மேன்மை இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதிப் பேருரையில் அறிவித்ததையும், பிலால் (ரலி) அவர்களின் பொறுமையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல, இவற்றைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா?

ஆகவே அட்டையைப் பறிக்காதீர்கள், அருகில் அமர்ந்து, "இவர் யார்? என்ன நன்மை செய்தார்?" என்று கேளுங்கள். மாதத்திற்கு இவ்வளவு என்று செலவிற்கு வரம்பு கட்டுங்கள். பந்தயம் வைத்து ஆடுவதை மட்டும் ஒருபோதும் அனுமதியாதீர்கள். இரண்டாக இருப்பதை இல்லாத பிள்ளைக்குக் கொடுக்கப் பழக்குங்கள்.

நம் மக்களின் கைகளை ஹலாலான பொருளாலும், உள்ளங்களை ஈகையாலும் அல்லாஹ் நிரப்புவானாக! ஆமீன்.