ஒரு குறி, இரு பிணி

காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறியே என்பர் மருத்துவர். ஒரே காய்ச்சலுக்குப் பின்னால் இரு நோய்கள் மறைந்திருப்பதும் உண்டு. உடம்புக்குப் பொருந்தும் இவ்வுண்மை கருவிக்கும் பொருந்தும் என்பதை அண்மையில் ஒரு மடிக்கணினி நமக்கு உணர்த்தியது. தமிழ் பயில்வோர்க்கு இச்செய்தி எதற்கு என வினவலாம். ஆய்வேடும் களப்பதிவும் இன்று கணினியிலேயே குடியிருக்கின்றன. ஆதலின் அதனைக் காக்கும் அறிவும் நமக்கு வேண்டுவதே.

நம் துறை ஆய்வு மாணவி ஒருவர், கைத்தறி நெசவாளரின் தொழிற்சொற்களைத் தொகுத்து வந்தார். பாவு, ஊடை, நாடா, விழுது எனத் தறிக்கூடத்தில் வழங்கும் சொற்களை முதியோர் வாய்மொழியாகவே நாற்பது ஒலிப்பதிவுகளில் சேர்த்திருந்தார். ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரமே இருந்த நிலையில் அவருடைய மடிக்கணினி நோயுற்றது. தொட இயலாதவாறு சூடேறிற்று; விசிறி இரைந்தது; இருபது நிமிடத்தில் தானே அணைந்தது. சில வேளைகளில் நீலத்திரை தோன்றி உறைந்து நின்றது. பழுது பார்க்கும் கடையொன்றில், மதர்போர்டு போய்விட்டது, புதிய கணினி வாங்குவதே வழி என்று கூறிவிட்டனர். தறி நெய்யும் தந்தையால் அச்செலவைத் தாங்க இயலாது. "ஐயா, பதிவுகளாவது தப்புமா?" என்பதே அவர் நம்மிடம் கேட்டது.

எனவே முதலில் பதிவுகளைக் காக்க முற்பட்டோம். நினைவகம் பழுதாயின் அதன் வழியே செல்லும் எதுவும் திரிபடையக்கூடும். அதே கணினியில் எடுக்கும் படியும் பழுதாகலாம். ஆதலின் அதனை மீண்டும் இயக்காமல், வன்தட்டைக் கழற்றி, நலமாயிருந்த வேறொரு கணினியில் இணைத்துப் படியெடுத்தோம். முப்பத்தெட்டுப் பதிவுகள் பழுதின்றிக் கிடைத்தன. இறுதியாகச் சேமித்த இரண்டு மட்டும் சிதைந்திருந்தன. அவற்றுள் ஒன்று, அதற்கு முந்தைய மாதம் மறைந்த முதியவர் ஒருவரின் குரல். பதிவுக்கருவியிலும் அது அழிக்கப்பட்டிருந்தது.

பின்னர் மின்கல இணைப்பை நீக்கிவிட்டு வெப்பத்தின் காரணத்தை ஆராய்ந்தோம். விசிறிக்கும் வெப்பம் கடத்தும் தகடுகளுக்கும் இடையே பஞ்சுத்தூசி கம்பளம்போல் படிந்திருந்தது. தறிக்கூடத்துக் காற்றில் பறக்கும் இழைத்துகள்தான் அது! விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி நீக்கினோம். செயலியின்மீது காய்ந்து வெடித்திருந்த வெப்பப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக இட்டோம். மடிக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ் அளவே உச்ச வரம்பு. அதனை நெருங்கும்போது செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதபோது கணினி தன்னைக் காக்க அணைந்துவிடும். தூய்மை செய்தபின் கடும் வேலையிலும் 75 டிகிரியைத் தாண்டவில்லை, அணைதலும் நின்றது. ஆயினும் நீலத்திரை மட்டும் மீண்டும் தோன்றியது.

இரண்டாவது பிணி ஒன்று உண்டென அப்போதே தெளிந்தோம். மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரலை இரவு முழுதும் ஓடவிட்டோம், பிழைகள் தென்பட்டன. இருந்த இரண்டு நினைவகத் தகடுகளையும் ஒவ்வொன்றாக, ஒரே செருகுவாயில் வைத்துச் சோதித்தோம். ஒன்று தேறியது; மற்றொன்று தவறியது. தேறியதை அடுத்த செருகுவாயிலும் வைத்தோம், அங்கும் தேறியது. பழுது ஒரு தகட்டில் மட்டுமே என்பது உறுதியாயிற்று. மதர்போர்டின்மேல் சுமத்தப்பட்ட பழியும் நீங்கியது.

வெப்பத்துக்கும் நினைவகத்துக்கும் உறவு உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், ஒவ்வொரு துணுக்கும் ஒரு நுண்ணிய மின்னூட்டமாகவே நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. சூடு மிகின் கசிவும் மிகும். 85 டிகிரியைக் கடந்தால் அக்காலத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். நலிந்த தகட்டின் குறையை வெப்பம் மேலும் பெருக்கும். இரு பிணிகளும் ஒரே முகம் காட்டியதன் காரணம் இதுவே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்திராவிடின் அவற்றைப் பிரித்தறிந்திருக்க இயலாது.

ஒரு தகட்டின் விலையோடு செலவு முடிந்தது. ஆய்வேடும் உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது. மறைந்த பெரியவர் சொன்ன சொற்களை மாணவி குறிப்பேட்டிலும் எழுதி வைத்திருந்தமையால் அவை ஆய்வேட்டில் இடம்பெற்றன. ஆயின் அச்சொற்களை அவர் ஒலித்த முறை, இடையே நிறுத்திச் சிரித்த சிரிப்பு, தறியின் ஓசை ஆகியன இனி எவருக்கும் கிட்டா. மாணவச் செல்வங்களே, பதிவு செய்த அன்றே, கருவி நலமாய் இருக்கும்போதே, வேறிரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். தகடு கடையில் கிடைக்கும், குரல் கிடைக்காது.