கால் ஆட்டும் வாத்தியார்

"உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டாதேடா! குடும்பத்துக்கு ஆகாது" என்று என் பாட்டி சொல்லுவாள். கால் ஆட்டுகிற வீட்டில் லக்ஷ்மி தங்கமாட்டாள் என்பது அவளுடைய சித்தாந்தம். எங்கள் வீட்டில் லக்ஷ்மி எப்போதுமே அதிக நாள் தங்கியதில்லை. அதற்குக் காரணம் பள்ளிக்கூட உபாத்தியாயரின் சம்பளமா, என்னுடைய காலா என்பதை நான் இன்னும் நிச்சயிக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் பாட்டி நினைத்தது தவறு. நான் காலை ஆட்டவில்லை. கால்தான் என்னை ஆட்டி வைத்தது.

சங்கதி இதுதான். பகலெல்லாம் என் கால்கள் மற்றவர்களுடைய கால்களைப் போலவே மரியாதையாக நடந்துகொள்ளும். இரவுச் சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்து, "அப்பாடா!" என்று படுத்தவுடனேதான் உபத்திரவம் ஆரம்பமாகும். ஆடுசதைக்குள்ளே, எலும்புக்குப் பக்கத்தில், ஏதோ ஊர்வது போலிருக்கும். வலி என்று சொல்ல முடியாது. அரிப்பு என்றும் சொல்ல முடியாது. சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரை பொங்குமே, அதுபோல உள்ளே ஏதோ பொங்கும். காலை உதறினால் அடங்கும். அடங்கிவிட்டது என்று கண்ணை மூடினால் அரை நிமிஷத்தில் மறுபடியும் வந்து நிற்கும். எழுந்து நடந்தாலோ அடியோடு மறைந்துபோகும். நடந்துகொண்டே தூங்கும் வித்தையை மட்டும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

நம் ஊரில் இதைக் "கால் குடைச்சல்" என்று சொல்லித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுப்பார்கள். ஆனால் இது வெறும் அலுப்பினால் வரும் குடைச்சல் அல்ல. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1672-ம் வருஷத்திலேயே லத்தீன் பாஷையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945-ல் ஸ்வீடன் தேசத்து நரம்பு வைத்தியர் கார்ல்-ஆக்ஸெல் எக்போம் இதை விரிவாக ஆராய்ந்து, "அமைதியற்ற கால்கள்" என்று பெயரும் சூட்டினார். இது நரம்பு மண்டலத்தைச் சேர்ந்த நோய். சுபாவத்தைச் சேர்ந்த குற்றம் அல்ல. இந்த ஒரு செய்தியைக் கேட்டதிலேயே எனக்குப் பாதி ஆறுதல் உண்டாயிற்று.

மீதிப் பாதி ஆறுதலை 2016-ல் ஒரு மாத்திரை கொடுத்தது. பிரமிபெக்ஸோல் என்பது அதன் பெயர். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் செய்யும் வேலையை இது செய்கிறது. இதே வகையைச் சேர்ந்த ரோபினிரோல் 2005-லும், பிரமிபெக்ஸோல் 2006-லும் இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. எனக்குக் கொடுத்த அளவு அரைக்கால் மில்லிகிராம். காலுக்கு ஏற்ற அளவுதான் என்று நான் வேடிக்கை செய்தேன். முதல் நாள் இரவு மாத்திரையை விழுங்கிப் படுத்தவன் காலையில் பால்காரன் மணிச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். அந்த வைத்தியரைத் தெய்வமாகவே நினைத்தேன்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு இரவு பத்து மணிக்கு வந்துகொண்டிருந்த குடைச்சல் எட்டு மணிக்கே வரத் தொடங்கியது. வைத்தியரிடம் போனேன். அரைக்காலைக் கால் ஆக்கினார். சில மாதம் சுகம். பிறகு ஆறு மணிக்கு வந்தது. கால் அரையாயிற்று. மறுபடியும் சில மாதம் சுகம். பிறகு முக்கால். கணக்கு வாத்தியாராகிய எனக்கு இந்தக் கணக்கின் போக்கு புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை. வட்டி கட்டுவதற்காக மேலும் கடன் வாங்குகிறவன் மாதிரி நான் மருந்தை வாங்கிக்கொண்டிருந்தேன். 2022-ல் குடைச்சல் பிற்பகல் மூன்று மணிக்கே வந்துவிட்டது. காலோடு நிற்காமல் கைகளுக்கும் ஏறியது. சினிமா, கச்சேரி, பஸ் பிரயாணம் எல்லாம் நின்றன. என் மனைவியின் தூக்கம் கெடக்கூடாதென்று கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டேன். அவளும் தூங்கவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் கடைசிப் பாடம். முதல் நாள் இரவு இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பையன் மேஜைக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ! "காலை ஆட்டாதே! வெளியே போ!" என்று கத்தினேன். பையன் நடுங்கி எழுந்து நின்றான். என்னுடைய இரண்டு கால்களும் நாற்காலிக்கு அடியில் தறியடித்துக்கொண்டிருந்ததை வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, நடந்ததை மனைவியிடம் சொன்னேன். "மருந்து ஏற ஏற வியாதியும் ஏறுகிறதே! இது எந்த ஊர் வைத்தியம்? வேறு யாரிடமாவது கேட்கக் கூடாதா?" என்றாள். ஆறு வருஷமாக எனக்குத் தோன்றாத கேள்வி இது.

இரண்டாவதாக நான் பார்த்த நரம்பு வைத்திய நிபுணர் ஓர் அம்மாள். அவர் என் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வருஷமும் குடைச்சல் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். சீட்டாட்டத்தில் புதிதாக ஆசை உண்டாகியிருக்கிறதா, கண்டபடி சாமான் வாங்கத் தோன்றுகிறதா என்றும் விசாரித்தார். நான் திகைத்தேன். இந்த மருந்து சிலருக்கு அப்படிப்பட்ட அடக்கமுடியாத ஆசைகளைக் கிளப்பிவிடுமாம். நல்லவேளை, உபாத்தியாயர் சம்பளம் என்னைக் காப்பாற்றிற்று.

பிறகு சொன்னார்: "மருந்து தோற்றுப்போகவில்லை. மருந்தே நோயை வளர்த்திருக்கிறது." இதற்கு ஆக்மென்டேஷன் என்று பெயர். நோய் நாளில் முன்னதாகவே தொடங்கும், கடுமையாகும், கைகளுக்கும் பரவும். அளவைக் கூட்டினால் சிறிது காலம் அடங்கி, பிறகு முன்னிலும் மோசமாகும். லெவோடோபா என்ற மருந்து சாப்பிட்டவர்களிடம் இது நிகழ்வதை 1996-லேயே விவரித்திருக்கிறார்கள். 2014-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஒரு வருஷம் வரை மருந்து கொடுத்துப் பார்த்தபோது, அரை மில்லிகிராம் பிரமிபெக்ஸோல் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 7.7 பேருக்கு இந்த வளர்ச்சி ஏற்பட்டது. ப்ரீகாபாலின் என்ற வேறு வகை மருந்து சாப்பிட்டவர்களில் 2.1 பேருக்குத்தான். அமெரிக்கத் தூக்க வைத்தியக் கழகம் 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிரமிபெக்ஸோல் வகை மருந்துகளை வழக்கமாகக் கொடுப்பது உசிதமல்ல என்றே சொல்லிவிட்டார்கள்.

"உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இது உண்டா?" என்று அம்மாள் கேட்டார்.

"இல்லை" என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றேன். எனக்கு எட்டு வயசு. இருட்டில் பாட்டியின் குரல் கேட்கிறது: "டேய், கண்ணு, வந்து காலைப் பிடித்துவிடடா. குடைகிறது." நான் தூங்கி விழுந்துகொண்டே பிடித்துவிடுவேன். நான் தூங்கிப்போனால் பழைய புடவைக் கிழிசலை ஆடுசதையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, விடியும்வரை முற்றத்தில் நடப்பாள். பகலில் எங்களைக் காலை ஆட்டாதே என்று அதட்டியவள் அவள்தான்! இந்த நோய் பரம்பரையாக வருவது சகஜம் என்று அம்மாள் சொன்னார்.

சிகிச்சை மூன்று பாகமாக நடந்தது. முதலாவது இரும்பு. ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தால், உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பு தெரியும். எனக்கு 28 இருந்தது. சாதாரண அளவுதான் என்று காகிதத்தில் அச்சிட்டிருந்தது. ரத்த சோகையும் இல்லை. ஆனால் இந்த நோயாளிக்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுக்க வேண்டுமாம். டோபமைனை உண்டாக்க மூளைக்கு இரும்பு அவசியம். ஆண்பிள்ளைக்கு ஏன் இரும்பு குறைந்தது என்று குடலையும் பரிசோதித்து, பயமில்லை என்று தெரிந்த பிறகே மாத்திரை கொடுத்தார். வாயால் சாப்பிட்டு ஏறாதவர்களுக்கு ஊசி வழியாக ஏற்றுவதும் உண்டு. காப்பி, தேநீர் இரண்டும் இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும் என்பதால் மாத்திரைக்குப் பக்கத்தில் காப்பி கூடாது. மாலைக்குப் பிறகு காப்பியே கூடாது. தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை கிடையாது!

இரண்டாவது, வீட்டிலிருந்த மருந்துகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். ஜலதோஷத்துக்காக இரவில் நான் சாப்பிட்டுவந்த, தூக்கம் தரும் மாத்திரையைத் தனியே எடுத்து வைத்தார். அந்த வகை மாத்திரை கால் குடைச்சலை அதிகப்படுத்துமாம். தூக்கத்துக்கென்று விழுங்கியதே தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

மூன்றாவதுதான் கஷ்டமானது. முதலில் ப்ரீகாபாலினைச் சேர்த்துக்கொண்டு, பழைய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். முக்கால் அரையாகி, அரை கால் ஆகி, கால் அரைக்காலாகி இறங்கினேன். ஏறிய படிகளிலேயே இறங்க மூன்று மாதம் பிடித்தது. கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்த அந்தப் பத்து இரவுகளை நான் மறக்கமாட்டேன். வென்னீரில் காலை வைத்தேன்; நின்றபடியே பரீட்சைப் பேப்பர் திருத்தினேன். மனசுக்கு வேலை இருந்தால் குடைச்சல் சற்று அடங்குகிறது என்று கண்டுகொண்ட என் மனைவி, பரண்மேல் கிடந்த பல்லாங்குழியை எடுத்துவந்தாள். இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் சோழியின் சத்தம் கேட்டு எதிர்வீட்டார் என்ன நினைத்தார்களோ! ஒரு ஆட்டத்திலும் அவள் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. பதினோராம் நாள் இரவு ஆட்டத்தின் நடுவிலேயே நான் தூங்கிப்போனேன்.

இப்போது பூரண குணம் என்று சொன்னால் பொய்யாகும். வாரத்தில் இரண்டு நாள், இரவு பதினொரு மணிக்கு மேல், பழைய விருந்தாளி எட்டிப் பார்க்கிறார். புதிய மருந்தால் காலையில் சற்றுத் தலை சுற்றுகிறது. வேஷ்டியின் சுற்றளவும் கூடியிருக்கிறது. ஆனால் பிற்பகல் மூன்று மணி மறுபடியும் என்னுடையதாகிவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் படும் பாடு சொல்லி முடியாது. இரும்பையும் பரிசோதனை இல்லாமல் விழுங்க வேண்டாம். அது மிஞ்சினாலும் கெடுதல். குடைச்சல் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்று ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்துவைத்து, அது முன்னால் நகர்ந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.

அந்தப் பையனைக் கூப்பிட்டு, வகுப்புக்கு எதிரிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். என் வகுப்பில் உட்கார முடியாதவர்கள் பின்னால் நின்றுகொண்டு பாடம் கேட்கலாம் என்று இப்போது ஓர் ஏற்பாடு. முதலில் ஐந்தாறு பேர் வேடிக்கைக்காக எழுந்து நின்றார்கள். இரண்டு நாளில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் சில நாட்களில் எழுந்து நிற்கிறான். மூன்றாவது வரிசைப் பையன்தான். இரவில் நன்றாகத் தூங்குகிறானா என்று அவனுடைய தாயாரை விசாரித்து, வைத்தியரிடம் அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.

லக்ஷ்மி எங்கள் வீட்டில் இன்னமும் தங்கவில்லை. நித்திராதேவி வாரத்துக்கு ஐந்து நாள் தங்குகிறாள். பாட்டிக்கு அவ்வளவுகூடக் கிடைக்கவில்லை.