பெரியப்பாவின் ஜீப்பும் என் எக்ஸெல் ஷீட்டும்

எங்க பெரியப்பா வீட்டு வாசலில் ஒரு மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் நிற்கிறது. ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தறி வைத்திருப்பவர்களுக்குப் பட்டு நூலும் ஜரிகையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி வருவதற்காகப் பெரியப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. போன தீபாவளிக்குப் பிறகு அது புகையோ புகை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து ஆவி வரும். மேடு வந்தால் மூச்சு வாங்கும்.

“இன்ஜினையே தூக்கிட்டு வேற போட்டுடலாம்பா” என்றான் அண்ணன். அவனுக்கு ஜவ்வாது மலை ஆசை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில் ஒரு தடவையாவது இந்த ஜீப்பில் ஏற வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன் வேறு என்ன சொல்வான்? “நான் பிளான் போட்டுத் தரேன்” என்றேன்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. நெய்ய ஆள் கிடைக்காமல் பெரியப்பா மூணு தறியில் ரெண்டை விற்றிருந்தார்.

ராத்திரி உட்கார்ந்து எக்ஸெல் ஷீட் போட ஆரம்பித்தேன். வண்டியில் இருப்பது பீஜோ டிசைனில் வந்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின். 2112 சிசி, 4500 ஆர்.பி.எம்.மில் சுமார் 62 குதிரைத்திறன், டார்க் 121 நியூட்டன் மீட்டர். அண்ணன் பார்த்து வைத்திருந்தது பழைய பொலேரோவின் 2.5 லிட்டர் டர்போ டீசல். அதன் டார்க் 180. ஆனால் குதிரைத்திறன்? அதே அறுபத்து சொச்சம்தான், அதுவும் 3200 ஆர்.பி.எம்.மில். அண்ணனிடம் சொன்னபோது அவன் நம்பவே இல்லை. “புது இன்ஜின்னா வேகமா போகும்டா” என்றான். அதே கியர்பாக்ஸ், அதே ஆக்சில் என்றால் போகாது. பழைய இன்ஜின் 4500 சுற்றில் எட்டிய வேகத்தில் சுமார் 70 சதவீதத்தைத்தான் புதுசு 3200 சுற்றில் எட்டும். இழுவை கூடும், டாப் ஸ்பீட் குறையும்.

அந்த இழுவையிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஃபோர் வீல் லோவில் டார்க் பல மடங்காகும். முதல் கியர் 4, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.46 என்று தோராயமாக வைத்துப் பெருக்கினேன். பழைய இன்ஜினுக்கு 1190 வந்தது, புதுசுக்கு 1771. கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், ஆக்சில் ஷாஃப்ட் எல்லாமே பழைய இன்ஜினை மனசில் வைத்துச் செய்தவை. பிரேக்கும்தான்.

அடுத்தது இடம். சாதாரண வண்டியில் இன்ஜினுக்குக் கீழே காலி இடம் இருக்கும். ஃபோர் வீலில் அங்கே முன் ஆக்சிலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் இருக்கின்றன. ஆயில் சம்ப் இடிக்கக் கூடாது, வண்டி குதிக்கும்போது ஆக்சில் மேலே வந்தாலும் இடிக்கக் கூடாது. ஜீப் செய்த கம்பெனியே இப்படி ஒரு இடப் பிரச்சினையைச் சந்தித்திருக்கிறது. 1953இல் வந்த வில்லிஸ் சி.ஜே.3பி-யின் பானெட் உயரமானதே, உயரமான ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினை உள்ளே வைக்கத்தான்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அடாப்டர் பிளேட், கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்லைன் பொருத்தம், மவுண்ட், ரேடியேட்டர் என்று லிஸ்ட் நீண்டுகொண்டே போனது. ஸ்ப்லைன் என்றால் என்ன என்று பெரியப்பா கேட்டார். ஷாஃப்ட்டில் இருக்கும் பல் எண்ணிக்கை, ரெண்டு பக்கமும் ஒத்துப்போகணும் என்றேன். “பாவு பிணைக்கிற மாதிரி சொல்லு” என்றார். தறியில் பாவு தீரும்போது, பழைய பாவின் இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையை முறுக்கிச் சேர்ப்பார்கள். எண்ணிக்கை ஒத்து வராவிட்டால் விழுது, அச்சு எல்லாவற்றிலும் மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். என் ஒரு வாரக் குழப்பத்தை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அப்புறம் அவர் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. “ஆர்.சி. ரினியூவல் வருதே, அதுக்கு ஒண்ணும் ஆவாதா?”

என் ஷீட்டில் அதற்குக் காலமே இல்லை. தேடிப் படித்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. பத்து வண்டிக்குக் குறையாமல் வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்காரர்களுக்கு மட்டும், அதே மேக், அதே டைப் இன்ஜினை முன் அனுமதி இல்லாமல் மாற்ற மாநில அரசு சலுகை தரலாம். அப்படியென்றால் நம்மைப் போன்றவர்கள் அதே இன்ஜினை மாற்றவே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பை மீறி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில், ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ரினியூவல். அங்கே இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பெரியப்பாவிடம் சொல்லப் போனபோது கை நடுங்கியது. ஏனென்றால் இன்ஜினுக்கு அதற்குள் 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, நான் சொன்ன தைரியத்தில். அது திரும்ப வரவில்லை.

அதைவிட அசிங்கம் ஒன்று இருக்கிறது. அதுவரைக்கும் பழைய இன்ஜினில் என்ன கோளாறு என்று யாருமே அளந்து பார்க்கவில்லை. நானும்தான். லேப்பில் பரீட்சைக்காகப் பார்த்த கம்ப்ரெஷன் டெஸ்ட் வீட்டு வண்டிக்கு ஞாபகம் வரவில்லை. மெக்கானிக்கை வைத்துப் பார்த்தால், ரெண்டு சிலிண்டரில் கம்ப்ரெஷன் ரொம்பக் கம்மி. கிராங்க் நல்லா இருந்தது, பிளாக்கில் விரிசல் இல்லை.

போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது பேரிங் போட்டோம். பம்ப்பையும் நாசிலையும் காலிபரேஷனுக்குக் கொடுத்தோம். பிளாக் அதே பிளாக், நம்பர் அதே நம்பர். தறி விற்ற காசில் பாதிக்கு மேல் மிச்சம். ரினியூவலும் ஆயிற்று.

அண்ணன் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் போன மாதம் அவன்தான் ஜீப்பை ஜமுனாமரத்தூர் வரை ஓட்டிப் போனான். பாதி ஏற்றம் ரெண்டாவது கியர்தான், ஆனாலும் நிற்காமல் ஏறிற்று.

உங்கள் வீட்டிலும் யாராவது “நீ மெக்கானிக்கல்தானே, பிளான் போடு” என்று சொன்னால், ஷீட்டின் முதல் காலத்தில் ஆர்.சி. புக்கை எழுதுங்கள். ரெண்டாவதில் கம்ப்ரெஷன். இன்ஜினை அப்புறம் தேடலாம்.